பிள்ளைக்குச் சில்லுமூக்கு உடைந்தால்: அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

"எக்கா, தார்சால ஓடியாடிக்கிட்டு இருந்தான், தூண்ல மோதி சில்லுமூக்கு உடைஞ்சிட்டு. ரத்தம் நிக்கவே மாட்டேங்கு, சீக்கிரம் வா."

ஆடி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த போன் இது. நான் போய்ச் சேர்ந்தபோது நாலு வயதுப் பையன் ஆச்சி மடியில் மல்லாந்து கிடந்தான். நெற்றியில் ஈரத்துண்டு. மூக்கில் தலையணையிலிருந்து பிய்த்த பஞ்சு. முகத்துக்குப் பக்கத்தில் நறுக்கின வெங்காயம். "பாரு, நின்னுட்டு" என்றாள் ஆச்சி. நிற்கவில்லை. அவன் தொண்டை அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே வர வழியில்லாத ரத்தத்தைப் பிள்ளை விழுங்கிக்கொண்டிருந்தான். தூக்கி உட்காரவைத்ததுதான் தாமதம், கறுப்பாகக் கட்டி கட்டியாக வாந்தி எடுத்தான். வீடே அலறிவிட்டது.

அப்புறம் பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. அந்தப் பத்து நிமிடமும் நான் செய்தது மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் 14 வருடமாக நர்சாக இருக்கிறேன். அடிபட்ட மூக்கோடு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தால் ஒன்றும் ஆவதில்லை. நான் பார்த்த நிஜமான சேதமெல்லாம் ரத்தம் நின்று, எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு, அடுத்த ரெண்டு மூன்று நாளில் வந்தவை. அதனால் முதல் பத்து நிமிடத்துக்கும் சரி, அடுத்த மூன்று நாளுக்கும் சரி, என்ன தெரிந்தால் என்ன செய்வது என்று எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு இப்போது இருக்கிற அறிகுறி எதுவோ அந்த இடத்துக்குப் போகலாம்.

மூக்கில் கை வைக்குமுன்

மொட்டைமாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தது, பைக் இடித்தது, விழுந்ததும் நினைவு தப்பியது, கழுத்து வலிக்கிறது என்று அழுவது, இதில் எதுவாக இருந்தாலும் இது வெறும் மூக்குச் சமாச்சாரம் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்தை ஆட்டாமல் அப்படியே வைத்திருங்கள். நினைவில்லாமல் மூக்கில் ரத்தம் வந்தால் உடம்பையும் தலையையும் சேர்த்தாற்போல் ஒருக்களித்துத் திருப்புங்கள், ரத்தம் வாய் வழியாக வெளியே வழியட்டும். மல்லாக்கக் கிடந்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

தூணில் மோதினான், குறுக்குத்துறை ஆற்றுப் படியில் வழுக்கினான், அண்ணன்காரன் முழங்கை பட்டது என்கிற மாதிரி அடியாக இருந்து, பிள்ளை நினைவோடு கத்தி அழுதுகொண்டிருந்தால் அடுத்ததைப் படியுங்கள். கத்தி அழுவது நல்ல அறிகுறி.

ரத்தம் வடிகிறது, பிள்ளை நினைவோடு அழுகிறது

மூக்கின் ரெண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சுவரின் முன்பக்கம், விரல் நுனி எட்டுகிற தூரத்தில், நாலைந்து ரத்தக்குழாய்களின் நுனிகள் வலை மாதிரிப் பின்னிக் கிடக்கின்றன. டாக்டர்கள் லிட்டில் பகுதி என்பார்கள். அதன் மேல் இருக்கிற சவ்வு வெங்காயத்தோல் மாதிரி மெல்லியது. பத்துப் பிள்ளைகளுக்குச் சில்லுமூக்கு உடைந்தால் ஒன்பது பேருக்கு உடைவது இந்த இடம்தான். வெளியிலிருந்து ரெண்டு விரலால் அழுத்தினாலே அந்த இடம் மூடிக்கொள்ளும். அதனால்தான் மருந்தே இல்லாமல் நிற்கிறது.

எங்கே அழுத்துவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். புருவ நடுவிலிருந்து விரலைக் கீழே இழுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் எலும்பு, கெட்டியாக இருக்கும். பாதி வழியில் எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும். அந்த மெத்தென்ற பாகத்தைத்தான், மூக்கு மடல் ரெண்டும் நடுச்சுவரோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். பாதிப்பேர் மேலே எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எலும்பை எவ்வளவு நேரம் பிடித்தாலும் ரத்தம் வரும். ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வந்தாலும் ரெண்டு பக்கத்தையும் சேர்த்தே பிடியுங்கள். கொடியில் துணி பறக்காமல் கிளிப் எவ்வளவு இறுக்கிப் பிடிக்குமோ அந்த அளவு போதும்.

பிள்ளையை உங்கள் மடியில், அதன் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்கிற மாதிரி உட்காரவையுங்கள். ஒரு கையால் அதன் ரெண்டு கையையும் சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கை மூக்குக்கு. தலை லேசாக முன்னால் குனிந்திருக்க வேண்டும், கீழே மடியில் ஒரு கிண்ணம். வாயைத் திறந்து மூச்சுவிடச் சொல்லுங்கள். வாய்க்கு வருகிற ரத்தத்தைக் கிண்ணத்தில் துப்பட்டும், விழுங்கக் கூடாது. பெரிய பிள்ளை என்றால் அங்கணத்துப் பக்கம் (பாத்திரம் கழுவுகிற இடம்) உட்காரவைத்தால் துப்பத் தோதாக இருக்கும்.

இனிமேல் கடிகாரம். போனில் 10 நிமிடம் டைமர் வையுங்கள். டைமர் அடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. "நின்னுட்டா?" என்று யாராவது கேட்பார்கள், எடுத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். எடுத்தால் அப்போதுதான் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து 10 நிமிடம் பிடிக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்பது ஒரு யுகம். போனில் கார்ட்டூன் போட்டுக் கண்ணுக்கு நேரே யாராவது பிடிக்கட்டும். அன்றைக்கு அந்தப் பையனுக்கு அவன் சித்தப்பா எங்கள் தெரு வழியாகப் போன ஆட்டுக்கிடைக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பேர் வைத்துக்கொண்டே போனார், முப்பதாவது ஆட்டில் டைமர் அடித்தது.

வீட்டில் இன்னொரு கை சும்மா இருந்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மூக்குத்தண்டின் மேல் வைக்கலாம். அடிபட்ட வீக்கம் குறையும். ரத்தத்தை நிறுத்துவது உங்கள் விரல்தான், ஐஸ் இல்லை. ஐஸ் வாங்க யாரையாவது கடைக்கு அனுப்பிவிட்டு மூக்கைப் பிடிக்காமல் காத்திருக்க வேண்டாம்.

அண்ணாந்து பார்க்கவைப்பது, படுக்கவைப்பது, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது, பஞ்சைத் திணிப்பது, காப்பித்தூள் மஞ்சள்தூள் அப்புவது, இவை எதுவும் வேண்டாம். அண்ணாந்தால் ரத்தம் உள்ளே போகிறது, நின்றுவிட்ட மாதிரி கண்ணை ஏமாற்றும். பஞ்சும் டிஷ்யூவும் உறைந்த ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புண்ணைப் புதிதாகக் கிழிக்கும். தூள் எதையும் மூக்கில் போட்டால் பிள்ளை தும்மும், தும்மலில் மறுபடி உடையும். வெங்காயத்தை முகரவைத்தால் எரிச்சலில் கூடுதலாக அழுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை ரத்தம் கொட்டுகிற நேரத்தில் வாதாடிக்கொண்டிருக்க முடியாது, ஆகவே நல்ல நாளிலேயே சொல்லிவையுங்கள். அந்த ஆச்சி இப்போது எங்கள் தெருவில் மூக்கு பிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

நின்ற பிறகு மூக்கைச் சிந்த விடாதீர்கள், நோண்ட விடாதீர்கள், குப்புறப் படுத்து உருள விடாதீர்கள். ஒரு நாளைக்குச் சூடான காப்பி, டீ, கொதிக்கக் கொதிக்கச் சோறு வேண்டாம். தயிர்ச்சோறு போதும். அன்று ராத்திரி தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கவையுங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள்.

10 நிமிடம் பிடித்தும் நிற்கவில்லை

முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். மெத்தென்ற இடத்தைத்தான் பிடித்தீர்களா, நடுவில் எடுத்துப் பார்த்தீர்களா, பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்ததா? இதில் ஒன்று இருந்தால் சரிசெய்து இன்னொரு 10 நிமிடம் பிடியுங்கள். சரியாகப் பிடித்து மொத்தம் 20 நிமிடம் ஆகியும் சொட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இந்த 20 நிமிடக் கணக்கு பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறவர்களுக்கு. அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வர ஒரு மணி நேரம் ஓடிவிடும். மலை எஸ்டேட் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். தூரத்தில் இருக்கிறவர்கள் முதல் 10 நிமிடம் முடிந்து ரத்தம் இன்னும் ஓடினால் வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். ரெண்டாவது 10 நிமிடத்தை வண்டியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே வரலாம். வழியில் நின்றுவிட்டால் நல்லதுதான், பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டுத் திரும்பலாம். பைக்கில் பிள்ளையை நடுவில் வைத்து ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், அது ஆபத்து. 108 இலவசம்தான், கூப்பிடுங்கள்.

20 நிமிடம் வரைக்கும் காத்திருக்கக் கூடாத சமயமும் உண்டு. 15 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான். கிண்ணத்தில் அரை டம்ளர் சேர்ந்துவிட்டால், பிள்ளை வெளுத்துப்போய் வியர்த்தால், கை கால் சில்லிட்டால், துவண்டு விழுந்தால் உடனே கிளம்ப வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ரெண்டு ஸ்பூன் ரத்தம் ஒரு பனியன் முழுக்கப் பரவிவிடும், வேட்டியில் பட்டால் கொலைக்களம் மாதிரி இருக்கும். துணியைப் பார்த்து அளக்காதீர்கள், கிண்ணத்தைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்தில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைப்பார்கள். உடைந்த இடம் தெரிந்தால் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுக் கருக்குவார்கள். அதிலும் அடங்காவிட்டால் மூக்கில் பேக் (உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற அடைப்பு) வைப்பார்கள். வீட்டில் பஞ்சு திணிப்பதும் அவர்கள் பேக் வைப்பதும் ஒன்றில்லை.

வெளியே ரத்தம் இல்லை, ஆனால் விழுங்கிக்கொண்டே இருக்கிறது; கறுப்பாக வாந்தி

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துத் தொண்டையின் பின்சுவரைப் பாருங்கள். சிவப்பாகக் கோடு இறங்கினால் ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. மல்லாந்திருந்த பிள்ளை என்றால் உட்காரவைத்து, குனியவைத்து மேலே சொன்னபடி பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஒழுங்காகக் குனிந்து, ஒழுங்காகப் பிடித்தும் தொண்டையில் இறங்கிக்கொண்டே இருந்தால் மூக்கின் பின்பக்கம் உடைந்திருக்கிறது. விரலுக்கு எட்டாத இடம் அது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விழுங்கின ரத்தம் வயிற்றைக் குமட்டும். காப்பிப்பொடி கரைத்த மாதிரி ஒன்று ரெண்டு தரம் வாந்தி வந்து, அதற்கப்புறம் பிள்ளை தெளிவாகிவிட்டால் பயமில்லை. மறுநாள் மலம் கறுப்பாகப் போகலாம், அதுவும் அந்த ரத்தம்தான். வாந்தி மறுபடி மறுபடி வந்தால், அதோடு பிள்ளை மந்தமாக இருந்தால், தலையில் பட்ட அடியைத்தான் நினைக்க வேண்டும். கீழே தனியாகச் சொல்கிறேன்.

ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் மூக்கு அடைத்திருக்கிறது

இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகளோடு விளையாடும்போது ஒரு பையனின் முழங்கால் மூக்கில் பட்டிருக்கிறது. கொஞ்சம் ரத்தம் வந்தது, அஞ்சே நிமிடத்தில் நின்றது. மறுநாள் மூக்கு அடைப்பு. வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். சளி என்று நினைத்து ஒரு இடத்தில் காட்ட, அங்கேயும் சளி என்றே சொட்டுமருந்து கொடுத்திருக்கிறார்கள். நாலாம் நாள் காய்ச்சலோடு எங்களிடம் வந்தாள், மூக்கு நுனியைத் தொட விடவில்லை. டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். ரெண்டு துவாரத்திலும் வழியே இல்லை, நாவற்பழ நிறத்தில் ரெண்டு பக்கமும் உருண்டு நின்றது. அன்றைக்கே மயக்கம் கொடுத்துக் கீறினார்கள், சீழ். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், ஆனால் மூக்குத்தண்டு நடுவில் லேசாக அமுங்கிவிட்டது. அவள் அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ரத்தம்தான் நின்னுட்டே சிஸ்டர்?"

நடந்தது இதுதான். மூக்கின் நடுச்சுவர் குருத்தெலும்பு. அதற்கென்று சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே ஒட்டியிருக்கிற சவ்விலிருந்துதான் ஊட்டம் போகிறது. அடிபடும்போது சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் கசிந்து தேங்கினால், சவ்வு விலகிவிடும், குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். மூன்று நாளுக்குள் அது அழுக ஆரம்பித்துவிடும். தேங்கின ரத்தத்தில் கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும், அரிதாக அது மூளைப் பக்கமும் பரவும். சீக்கிரம் கீறி ரத்தத்தை வெளியேற்றிவிட்டால் மூக்கு தப்பித்துவிடும். பிள்ளைகளுக்கு இந்தச் சவ்வு எளிதில் விலகும். அதனால் சின்ன அடியில்கூட, ரத்தமே வராத அடியில்கூட இது வரலாம். சில மணி நேரத்திலும் வரலாம், மூன்று நாள் கழித்தும் வரலாம்.

ஆகவே மூக்கில் அடிபட்ட எந்தப் பிள்ளைக்கும் அன்று ராத்திரி, மறுநாள் காலை, அதற்கடுத்த ரெண்டு நாளும் காலை மாலை உள்ளே பாருங்கள். பிள்ளையை வெளிச்சத்தில் படுக்கவைத்து, கட்டைவிரலால் மூக்கு நுனியை மெதுவாக மேலே தூக்கி, போன் டார்ச்சை அடியுங்கள். நடுச்சுவர் ரெண்டு பக்கமும் மெல்லிசாக, இளஞ்சிவப்பாக, ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுச்சுவரிலிருந்து சிவப்பாகவோ நீலம் பாய்ந்தோ வழவழவென்று உருண்டை எழும்பியிருந்தால், ஒரு பக்கமானாலும் ரெண்டு பக்கமானாலும், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஐகிரவுண்ட் என்று நம் ஊரில் சொல்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூக்குக்குள் வெளிப்பக்கச் சுவரில், அதாவது கன்னத்துப் பக்கம், இளஞ்சிவப்பாக ஒரு சதைத்திரட்சி எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். "சதை வளர்ந்திருக்கு" என்று பதறி வருகிறார்கள். அது இயல்பாகவே இருக்கிற மடிப்பு, சளி பிடித்தால் பெருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நடுச்சுவரை. சந்தேகமாக இருந்தால் பட்ஸ் வைத்துக் குத்திப் பார்க்காதீர்கள், டாக்டர் பார்க்கட்டும்.

டார்ச் அடிக்க விடாத பிள்ளையாக இருந்தால் மூச்சைக் கவனியுங்கள். அடிபடுவதற்கு முன் இல்லாத அடைப்பு ரெண்டு பக்கமும் வந்தால், மூக்கு வலி குறைவதற்குப் பதில் நாளுக்கு நாள் கூடினால், மூக்கு நுனியைத் தொட்டாலே கத்தினால், காய்ச்சல் கண்டால் போதும், கிளம்புங்கள். டாக்டரிடம் "சளி" என்று ஆரம்பிக்காதீர்கள். "மூக்கில் அடிபட்டது, இத்தனை நாளாகிறது, நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள்.

மூக்கு வீங்கிக் கோணலாகத் தெரிகிறது

அடிபட்ட அன்றைக்கு எல்லா மூக்கும் கோணலாகத்தான் தெரியும், வீக்கம். நடுச்சுவரில் ரத்தம் கட்டவில்லை, ரத்தம் நின்றுவிட்டது, மூச்சு போகிறது என்றால் எலும்பு உடைந்திருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதில்லை. வீக்கம் வடிய மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அந்தக் கணக்கில் டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். அப்போதும் கோணல் இருந்தால் நிமிர்த்துவார்கள். பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும், ஒரு வாரத்தைத் தாண்டவிட்டால் நிமிர்த்துவது கஷ்டம். அடிபடுவதற்கு முன் எடுத்த நேர்முகப் போட்டோ ஒன்று கையில் கொண்டுபோங்கள், பழைய மூக்கு எப்படி இருந்தது என்று ஒப்பிட அதைவிட நல்லது இல்லை. எக்ஸ்ரே எடுக்கவில்லையே என்று மனம் குறைப்படாதீர்கள். சின்னப் பிள்ளையின் மூக்கில் பாதிக்கு மேல் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் அது தெரியாது.

தெளிந்த தண்ணீர் ஒழுகுகிறது, கண்ணைச் சுற்றிக் கறுக்கிறது, தூங்கி வழிகிறது

அடிபட்ட பிறகு மூக்கிலிருந்து, முக்கியமாக ஒரு பக்கத்திலிருந்து, தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டினால், குனியும்போது கூடுதலாகச் சொட்டினால், "உப்புக் கரிக்கி" என்று பிள்ளை சொன்னால், அது மூளையைச் சுற்றியிருக்கிற நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தவோ அடைக்கவோ கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னும் சில அறிகுறிகள் இருக்கின்றன. ரெண்டு கண்ணைச் சுற்றியும் அல்லது காதுக்குப் பின்னால் நீலம் பாரித்தல், மறுபடி மறுபடி வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, கருவிழியின் நடுவில் இருக்கிற கறுப்புப் பாப்பா ஒரு கண்ணில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் இருத்தல், நடை தள்ளாடுதல், ஆளைத் தெரியாமல் பேசுதல். இதில் எது வந்தாலும் 108. அடிபட்ட பிள்ளை வழக்கமான நேரத்தில் தூங்கினால் தூங்கட்டும், விடிய விடிய முழிக்கவைக்க வேண்டாம். ராத்திரி ஒன்றிரண்டு தரம் தட்டிப் பாருங்கள். முனகிப் புரண்டு உங்களைத் தள்ளிவிட்டால் சரி.

ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு

அடிபட்டது என்று வந்து, பார்த்தால் உள்ளே புளியங்கொட்டை. இது எங்கள் கிளினிக்கில் அடிக்கடி நடக்கிறது. சிலேட்டுக்குச்சித் துண்டு, பாசிமணி, நிலக்கடலை, ரப்பர் என்று எதையும் போடுவார்கள். ஒரே பக்கத்தில் ரத்தம் கலந்த சளி, கெட்ட வாடை, இவை ரெண்டும் சேர்ந்தால் அதை நினையுங்கள். ஹேர்பின், இடுக்கி வைத்து நீங்கள் எடுக்கப் போனால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கிற பொத்தான் பேட்டரி காணாமல் போயிருந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள். அது சில மணி நேரத்துக்குள் சதையை அரித்து நடுச்சுவரில் ஓட்டை போட்டுவிடும்.

அடி சின்னது, ரத்தம் பெரிது

துண்டு உரசினதற்கே கொட்டுகிறது என்றால் மூக்கை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். சட்டையைக் கழற்றித் தோலைப் பாருங்கள், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், அடிபடாத இடத்தில் நீலத் தழும்புகள், ஈறில் ரத்தம். ரெண்டு மூன்று நாள் காய்ச்சலோடு இப்படி இருந்தால் டெங்கு என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெங்குக் காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ரெண்டு நாள்தான் ஆபத்தான நாள், "காய்ச்சல் விட்டுட்டு" என்று சும்மா இருக்காதீர்கள்.

காய்ச்சல் இல்லாவிட்டால் பழைய கதையைக் கேளுங்கள். காது குத்தினபோது, சுன்னத் செய்தபோது, பால்பல் விழுந்தபோது ரத்தம் நிற்காமல் வந்ததா? தாய்மாமனுக்கு அப்படி உண்டா? ஹீமோஃபீலியா அம்மா வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது. ரத்தம் உறையாத நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்குப் பத்து நிமிடக் கணக்கெல்லாம் இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டே கிளம்புங்கள்.

ரெண்டு வயதுக்குக் கீழே

நின்றாலும் நிற்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வயதில் சில்லுமூக்கு உடைவது அரிது.

வலிக்கு என்ன கொடுப்பது

பாராசிட்டமால் போதும், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிரப் புட்டியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் ரெண்டு விதம் வருகிறது. "போன தடவை அஞ்சு மில்லி கொடுத்தோம்" என்று புட்டியைப் பார்க்காமல் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். ஐபுபுரூஃபன் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், ரெண்டு நாளைக்கு வேண்டாம். பாராசிட்டமாலோடு அதையும் கலந்து வருகிற சிரப்கள் நிறைய உண்டு, லேபிளைப் படியுங்கள். டெங்குச் சந்தேகம் இருந்தால் ஐபுபுரூஃபன் கண்டிப்பாகக் கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் எப்போதுமே கூடாது. மூக்குக்கு வெளியே தோல் கிழிந்திருந்தால் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆறின பிறகும் வாரத்துக்கு ரெண்டு தரம் உடைகிறது

அடிபட்ட இடத்தில் பொருக்குத் தட்டும். பொருக்கு அரிக்கும், பிள்ளை நோண்டும், மறுபடி உடையும். நம் பக்கத்தில் இதற்கு ஒத்துழைக்கிறது காற்று. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று குற்றாலத்தில் சாரலாக இறங்கிவிட்டு, நமக்கு வரும்போது ஈரமில்லாமல் புழுதியோடு வருகிறது. அந்த ரெண்டு மூன்று மாதம் கிளினிக்கில் சில்லுமூக்குப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். உப்புநீர் மூக்குச்சொட்டு மருந்துக்கடையில் கிடைக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு மூன்று தரம் ரெண்டு சொட்டு. ராத்திரி படுக்கப் போகும்போது பச்சைப்பயறு அளவு வாசலினைச் சுண்டுவிரல் நுனியில் எடுத்து, துவாரத்தின் விளிம்புக்குச் சற்று உள்ளே நடுச்சுவரில் தடவி, வெளியிலிருந்து மடலை லேசாக அழுத்திவிடுங்கள், தானாகப் பரவிவிடும். பட்ஸை உள்ளே விட வேண்டாம், ஆழமாகவும் வேண்டாம். ரெண்டு வாரம் இப்படிச் செய்தும் உடைந்தால் டாக்டர் சில்வர் நைட்ரேட் வைத்துச் சரிசெய்வார்.

தூணில் மோதின பையனுக்கும் அந்த ஆடி முழுக்க இப்படி வந்தது. அவன் அம்மா ராத்திரி தோறும் வாசலின் தடவினாள், ஐப்பசி மழை இறங்கினதும் நிறுத்திவிட்டாள்.